அரைத் துடிப்பில் அடித்த மணி

தீபத் திருவிழாவுக்குத் தேரடி வீதியில் தோகையை விரித்து மடக்கும் சீரியல் லைட் மயில் நின்றதே, அதைச் செய்தவன் நான். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியில், மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் கீழே சமையற்கட்டில் ஒரு பெட்டி கத்தும். அது என் பெட்டி. கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் தானாக ஓட வேண்டும், தண்ணீர் வற்றினால் தானாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடையில் விற்றதை வாங்கிப் போய் எரித்துக்கொண்டவர்கள் எல்லாரும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வந்தார்கள். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிவந்த ஆபீசர்கள் வீட்டு டி.வி.யில் மெட்ராஸ் படம் புள்ளியில்லாமல் தெரிந்தது என்றால், ஆன்டெனாக் கம்பத்தின் மேலே என் பூஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் நான் எட்டாவது தேறாதவன். அப்பன் விட்டுப்போன சொத்து என்று ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடக் கிடையாது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. ஆனால் கரப்பான்பூச்சி மாதிரி கால் முளைத்த ஒரு ஐ.சி.யின் முதுகில் இருக்கும் நம்பரைக் காட்டினால் எந்தக் கால் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். “உனக்கெதுக்குடா இந்த வேலை, மாடு ஓட்டப் போ” என்று என்னைத் துரத்திய ரேடியோக் கடைக்காரர், பின்னால் தன் கடை ஆம்ப்ளிஃபயரையே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சரிசெய்து கொடுக்கும்போது, “மாடு ஓட்டறவன் பாத்த வேலை, பாட்டு நல்லா வருதுங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டேன்.

இவை எல்லாம் ஒரு பக்கம். அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு நான் செய்த மணி மிஷின் ஒரு பக்கம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கோயிலுக்கு இப்போது கும்பாபிஷேகம் வருகிறது. வாசலில் பதிக்கக் கருங்கல் பலகை தயாராகிறது. அதில் ‘தானே ஒலித்த மணி’ என்று வெட்டப் போகிறார்களாம். தானே! செய்தவன் குத்துக்கல் மாதிரி உயிரோடு அதே தெருவில் உட்கார்ந்திருக்கிறேன், மணி தானே ஒலித்ததாம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்ப வேண்டியவர்கள் நம்பட்டும்.

எங்கள் பக்கம் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பிள்ளையார் கோயில் பூசாரி எனக்கு மூத்தவர், நான் அண்ணே என்பேன். ஒற்றை ஆள். ஒரு கையில் தீபாராதனைத் தட்டு, ஒரு கையில் மணி. மேளம் அடிக்க ஆள் கிடையாது. டவுன் கோயில்களில் மோட்டார் வைத்த மேள மிஷின் வந்துவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் குச்சி மேளத்தை அடிக்கும், நடுவில் மணிகள் ஆடும், ஓரத்தில் ஜால்ரா தட்டும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் எங்கள் பக்கம் சாயரட்சை பூசை நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

“கரண்ட் இல்லன்னாலும் அடிக்கணும் தம்பி. நான் பட்டனை அமுக்கினா மத்ததெல்லாம் அதுவா வரிசையா பண்ணணும்.”

செய்தேன். மேளத்தை ஓட்ட, கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறிக்கொள்கிற ஒரு பழைய லாரி பேட்டரி. எது எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல மூன்று சின்னப் பெட்டிகள்: விளக்குக்கு ஒன்று, சின்ன மணிக்கு ஒன்று, பெரிய மணியும் ஜால்ராவும் சேர்ந்த மேளத்துக்கு ஒன்று. அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டைகள். மிஷினுக்கு நான்கு நிலை வைத்தேன். சும்மா இருப்பது ஒரு நிலை. பட்டனை அமுக்கினால் கருவறை விளக்கு எரிவது அடுத்த நிலை. அதற்கடுத்து சின்ன மணி. கடைசியில் மேளமும் மணியும் சேர்ந்த முழக்கம். முழக்கம் முடிந்தால் மறுபடி சும்மா. இந்த வரிசை தப்பாமல் இருக்க ஒரு துடிப்பு வேண்டும். நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஒரே சீராக, விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன சர்க்யூட். அதன் தட்டலை எண்ணித்தான் மூன்று பெட்டிகளும் நிலை மாறும். கோயிலைச் சுற்றி நீளமாக ஒயர் இழுத்து, ஒரே துடிப்பை மூன்றுக்கும் கொடுத்தேன்.

அழகாக ஓடியது. ஒரே குறை, பேட்டரிக் கட்டைகள் நிற்கவில்லை. போட்டுப் போட்டு மாற்றினேன்.

என் மனைவி காயில் சுற்றுவாள், ஈயம் உருக்கிச் சால்டரிங் வைப்பாள். என்னைவிட அவள் கை சுத்தம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் கேட்டாள்:

“இன்னாங்க, அந்தக் கோயில் பெட்டிக்குக் கட்டைய மாத்திக்கினே இருக்கீங்க? அதுங்க பூசை நேரத்துல மட்டும்தானே வேலை செய்யுது?”

“வேலை அப்பதான். ஆனா துடிப்பு எப்பவும் போய்க்கினே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மூணு பெட்டியும் முழிச்சுப் பாத்து, வேலை இருக்குதான்னு கேட்டுட்டு, இல்லன்னா அப்பிடியே இருக்கும்.”

“அப்ப ராவும் பகலும் அதுங்கள எழுப்பி எழுப்பி, வேலை இல்ல தூங்குன்னு சொல்லிக்கினு இருக்கீங்க.”

“ஆமா.”

“என்னை ஒரு நாளு அப்பிடி எழுப்பிப் பாருங்க. மண்டையில சால்டரிங் வெச்சுடுவேன்.”

அவள் சொன்னது கேலி. கேலியை எடுத்து ஐ.சி.யாக்கியவன் நான். பின்னால் அவள் அண்ணன், என் மச்சான், அது அவளுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? அவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்.

துடிப்பு கிளம்பும் இடத்தில் ஒரு கேட் வைத்தேன். கேட் என்பது சின்ன ஐ.சி.தான். இரண்டு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஒரு காலில் துடிப்பு வரும், இன்னொரு காலில் அனுமதி. இரண்டும் இருந்தால்தான் துடிப்பு வெளியே போகும். அனுமதிக்குக் கோயில் கதவுக்கு உள்பக்கம் ஒரு சுவிட்ச். பூசாரி காலையில் வந்து தூக்குவார், துடிப்பு ஓடும். நடை சாத்தும்போது இறக்குவார், துடிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பெட்டிகள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் உறைந்து கிடக்கும். மறுபடி துடிப்பு வரும் வரை யாரும் முழிக்க வேண்டியதில்லை. கட்டைகள் மாதக்கணக்கில் நின்றன. பூசாரி அண்ணன் எனக்கு ஒரு மாலையே போட்டார்.

இதற்கெல்லாம் முன்னால், முழக்கத்தை முதன்முதலில் ஓட்டிக் காட்டிய சாயங்காலம் தெருவே வந்து கேட்டது. அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“எப்பிடிக் கீது?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரே மாதிரி அடிக்குது. மனுசன் அடிச்சா கை ஒருவாட்டி தளரும், ஒருவாட்டி தப்பும். இது தப்பவே மாட்டேங்குதே.”

“தப்பாம இருக்கத்தானடி மிஷினு.”

“அதான் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் போய்விட்டாள். என் மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். தெரு கூடிவிட்டது.

எங்கள் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவில் ஒரு சாவு என்றால் அந்தத் தெருக் கோயிலில் பூசை கிடையாது. நடையைச் சாத்திவிடுவார்கள். பிணத்தை எடுத்துத் தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் திறப்பார்கள். மணிச் சத்தம் வரவே கூடாது. பூசாரி அண்ணன் காலைப் பூசைக்குக் கோயிலைத் திறந்து வைத்திருந்தவர், சேதி கேட்டு ஓட்டமாக ஓடி, மெயினை நிறுத்தி, என் சுவிட்சைப் படக்கென்று இறக்கி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூட்டின கை கீழே இறங்குவதற்குள் உள்ளே முழக்கம் ஆரம்பித்தது.

நான் குளித்து ஈரத்துணியோடு அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. சாவு மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். தெரு முழுக்க அந்த ஒரு சத்தம்தான். மணியும் மேளமும் ஜால்ராவும், தீபாராதனைக்கு அடிக்கிற அதே முழக்கம், பிணம் கிடக்கும் தெருவில்.

பூசாரி வெளிறிப்போய் ஓடிவந்தார். “தம்பி, நான் நிறுத்திட்டுதான் வந்தேன். அம்மா சத்தியமா நிறுத்திட்டேன்.”

“உள்ள போய் மோட்டாருக்குப் போற செவப்பு ஒயரைப் புடுங்குங்கண்ணே!”

“நடை சாத்தியாச்சு. பொணம் எடுக்காம எப்பிடித் திறப்பேன்?”

“அப்ப சாவியை என்கிட்ட குடுங்க.”

அவர் இரண்டு அடி பின்னால் போனார். “நீ தீட்டுக்காரன். நீ கோயில் வாசப்படியை மிதிக்கலாமா? யோசிச்சுப் பேசு தம்பி.”

யோசித்துப் பார்த்தேன். அந்த மிஷினை நிறுத்தத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருத்தன். அன்றைக்கு அந்தக் கோயிலுக்குள் கட்டாயம் நுழையக் கூடாதவனும் நான் ஒருத்தன்.

மச்சான் என் தோளைப் பிடித்தார். “மாப்ள, அது மிஷின் இல்ல. என் தங்கச்சி மனசுல எதையோ வெச்சுக்கினு போயிருக்கா. அதான் அடிக்கிறா.”

“மச்சான், சும்மா இருங்க.”

“நீ அவளை ஒரு நாளாச்சும் சும்மா இருக்க வுட்டியா? காயிலு சுத்து, ஈயம் வையின்னு... கேளு, கேளு நல்லா.”

கேட்டேன். வேறு என்ன செய்ய? லாரி பேட்டரி அல்லவா, சீக்கிரத்தில் தீராது. அவளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும்போது அடித்தது. பாடை கட்டும்போது அடித்தது. என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தூக்கிக்கொண்டு கோயிலைத் தாண்டும்போது பேட்டரி இறங்க ஆரம்பித்துவிட்டிருந்தது. அடி தளர்ந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. ஒன்று தப்பிப்போய், பிறகு வந்தது. மிஷின் அடிக்கிற மாதிரி இல்லை. கை வலிக்க வலிக்க யாரோ உள்ளே நின்று அடிக்கிற மாதிரி இருந்தது. கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவன் நான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. தெரு திரும்பிய பிறகு கடைசியாக ஒரே ஒரு மணி கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு பூசாரி அண்ணனைக் கோயிலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். மறுநாள் காலையில் திறந்தபோது என்ன நடந்தது?

“மெயினைப் போட்டேன். பேட்டரிக்குக் கொஞ்சம் உசிரு வந்துச்சோ இல்லியோ, மறுபடி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. பயந்துபோய் உன் சுவிட்சைத் தூக்கினேன். இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சுது, தானா நின்னுது. அப்புறம் ஒரு கோளாறும் இல்ல.”

இறக்கினபோது ஆரம்பித்தது, தூக்கினபோது நின்றது. அவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். முழக்க நிலையிலேயே உறைந்து கிடந்திருக்கிறது. முழக்கத்தை முடித்துவைக்கத் துடிப்பு வேண்டும். துடிப்பை நிறுத்திவிட்டதால்தான் மிஷின் நிற்கவில்லை. அதை நிறுத்துவதற்கு ஒரே வழி ஓட விடுவதுதான். அன்றைக்கு யாராவது அந்தச் சுவிட்சை மேலே தூக்கியிருந்தால் அவள் அமைதியாகப் போயிருப்பாள்.

சரி, ஏன் முழக்கத்துக்குப் போனது? யாரும் பட்டனை அமுக்கவில்லையே? பெட்டிகளை ஒரு துண்டில் கட்டி வெளியே எடுத்துவரச் சொல்லி வீட்டு மேசையில் வைத்தேன். அவள் உட்கார்ந்து ஈயம் வைக்கும் மேசை. சுவிட்சைத் தூக்கினேன், இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி. மறுபடி. வந்த ரிப்பேர் வேலைகளை எல்லாம் ஓரத்தில் தள்ளிவிட்டு அதையே செய்துகொண்டிருந்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மச்சான் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாள் மத்தியானம், இறக்கின கையோடு மேளப் பெட்டியின் சின்ன லைட் எரிந்தது. எரிந்தபடியே நின்றது.

எழுந்து நின்று சத்தமாகச் சிரித்தேன். அந்த வீட்டில் அவள் போனபின் கேட்ட முதல் சிரிப்பு.

விஷயம் இவ்வளவுதான். சாமி பல்லக்குத் தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் குரல் கொடுப்பான், எல்லாரும் சேர்ந்து ஒரு அடி வைப்பார்கள். குரல் கொடுக்கிறவன் வாய் திறந்த சமயத்தில் யாராவது அவன் வாயைப் பொத்தினால் என்ன ஆகும்? பாதிக் குரல் வரும். முன்னால் இருப்பவனுக்கு அது கேட்கும், அடி வைப்பான். பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது, நிற்பான். பல்லக்கு சாயும். அதேதான். பூசாரி சுவிட்சை இறக்கியபோது துடிப்பு மேலே ஏறி இருந்திருக்கிறது. கேட் நடுவில் வெட்டிவிட்டது. முழுத் துடிப்பும் இல்லை, துடிப்பு இல்லாமலும் இல்லை, அரைத் துடிப்பு. விளக்குப் பெட்டி அதைக் கேட்கவில்லை, மணிப் பெட்டி கேட்கவில்லை. மேளப் பெட்டி அரைகுறையாகக் கேட்டு, தன் முறை வந்துவிட்டது என்று எழுந்துவிட்டது. எழுந்தவனை உட்காரச் சொல்ல அடுத்த துடிப்பு வரவே இல்லை.

இதற்கு மருந்தும் நானே கண்டேன். மெட்ராஸ் ரிச்சி தெருவில் எடைக்கு வாங்கி வந்த பழைய போர்டிலிருந்து ஒரு ஐ.சி. கழற்றி, கேட்டுக்கு முன்னால் தாழ்ப்பாள் மாதிரி வைத்தேன். சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் இறக்கு; அந்தத் தாழ்ப்பாள் உடனே கேட்டை மூடாது. துடிப்பு கீழே இறங்கும் வரை காத்திருக்கும், இறங்கினதும் மூடும். பேச்சை முடிக்க விட்டுவிட்டு வாயைப் பொத்துவது. அதற்குப் பிறகு பூசாரி எத்தனையோ சாவுக்குச் சுவிட்சை இறக்கினார். ஒரு தடவைகூட மணி தானாக அடிக்கவில்லை.

ஒரு தடவைகூட.

சாயங்காலங்களில் கோயில் எதிரே வேப்ப மரத்தடியில் போய் உட்காருவேன். நடை சாத்துவார்கள். சுவிட்ச் இறங்கும் சத்தம் கேட்கும். நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

ஊர் என் அரைத் துடிப்பைக் கேட்டதா? இல்லை. முதலில் கொஞ்ச காலம், ஆசை தீராமல் போனவள் மணி அடிக்கிறாள் என்றது. என் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு போனார்கள். மகளைப் பெண் பார்க்கப் போளூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்கள். அப்புறம் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டம் பெருகியது. யாரோ ஒரு அம்மாள் பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனாள், பிறந்தது. அதற்குப் பிறகு பேச்சு திரும்பியது: சுமங்கலியாய்ப் போன புண்ணியவதிக்குப் பிள்ளையாரே மணி அடித்து வழியனுப்பினார். கம்பி தெரியாமல் இப்போது கயிறு தொங்குகிறது. பேயாக்கினார்கள், பிறகு தெய்வமாக்கினார்கள். இரண்டிலும் நான் இல்லை.

மகள் அதற்குள் எலக்ட்ரானிக்ஸ் படித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். செல்போனுக்குள் போகிற ஐ.சி.க்குப் படம் போடுகிற வேலை. ஒரு லீவில் வந்தபோது இந்தக் கதையை முதல் முறையாக முழுசாகக் கேட்டாள்.

“அப்பா, இதத்தான் நாங்க அங்க பண்றோம். கிளாக் கேட்டிங்னு பேரு. வேலை இல்லாத பக்கத்துக்கு கிளாக்கை நிறுத்திட்டா கரண்ட் கம்மியா செலவாவும். அந்த அரைத் துடிப்புக்கு கிளிட்ச்னு பேரு. நீங்க வெச்ச தாழ்ப்பாளும் இருக்குது, லாட்ச்சு.”

“பாத்தியா? நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன்.”

“எல்லாரும் அவங்கவங்க மேசையில கண்டுபிடிச்சதுதாம்பா அது.”

“பேரு வெச்சவன் எவனா இருந்தா இன்னா? நம்ம ஊர்ல முதல்ல பண்ணவன் யாரு?”

“நீங்கதான்.” கொஞ்ச நேரம் அந்தப் பழைய மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அன்னிக்கு அது அம்மா இல்லல்ல?”

“அரைத் துடிப்புடி.”

“ம்,” என்றாள். அந்த ‘ம்’மில் நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் கோயில் குழுத் தலைவர் என் மனைவியின் போட்டோ கேட்டு வந்தார். கல்லில் அவள் பேரும் ‘தானே ஒலித்த மணி’யும் வரும் என்றார். என் பேர்? “அது எதுக்குங்க ஐயா” என்றார். மறுநாள் காலையிலேயே குழு முழுக்கக் கோயிலுக்கு வர வேண்டும், அடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். மச்சானும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் தாழ்ப்பாள் ஐ.சி.யைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றிருந்தபடி ஒயரைச் சேர்த்தேன். அரைத் துடிப்பு, பல்லக்கு எல்லாம் விளக்கினேன். பிறகு சுவிட்சைத் தூக்கி இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தூக்கினேன், இறக்கினேன். தலைவர் கொட்டாவி விட்டார். கை வலிக்கும் வரை செய்தேன்.

“வுடுங்க ஐயா, நாங்க நம்பறோம்,” என்றார் தலைவர், நம்பாத குரலில்.

பூசாரி அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. தடவிக்கொண்டே வந்தார். “நகரு தம்பி. அன்னிக்கு இறக்கினது நானாச்சே.” படக்கென்று இறக்கினார்.

முழக்கம் கிளம்பியது.

“பாருங்க! பாத்தீங்களா!” என்று திரும்பினேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்கள். மச்சான் தடியைக் கீழே போட்டுவிட்டு, “வந்துட்டா, என் தங்கச்சி வந்துட்டா,” என்று அழுதார். என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. தூக்கினால் நிற்கும். தெரியும்.

தூக்கவில்லை. பேட்டரியும் பழசுதான். அடி தளர ஆரம்பித்தது. ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. ஒன்று தப்பியது. அடுத்தது வருமா என்று நின்றேன். வந்தது.

“மாப்ள, நிறுத்தாத,” என்றார் மச்சான்.

நான் தூக்கினேன். செய்தவன் நான், நிறுத்திக் காட்ட வேண்டியவனும் நான்தான். கொஞ்சம் அடித்து, வரிசைப்படி முடிந்து, நின்றது.

“பாத்தீங்களா? நான்தான் நிறுத்தினேன்.”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க நிறுத்தினீங்க, ஒத்துக்கறோம். நீங்க அத்தினிவாட்டி இறக்கியும் அடிக்கல. ஆரம்பிச்சது யாரு?”

பூசாரியின் கை இறங்கிய கணமும் துடிப்பு ஏறியிருந்த கணமும் ஒன்றாக விழுந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் அந்தக் கணத்தில் விழுந்தது, ஏன் அவள் போன காலையில் விழுந்தது என்று கேட்டால் என்னிடம் ஐ.சி. இல்லை. பெங்களூருக்குப் போன் போட்டேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, எப்போதாவது விழத்தான் செய்யும் என்றாள் மகள். எப்போதாவது என்றால் எப்போது என்று கேட்டேன். அது கணக்கில் வராது என்றாள்.

அந்தத் தாழ்ப்பாள் ஐ.சி. இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. திருப்பி வைத்தாயா என்று பூசாரி கேட்டார். வைக்கிறேன் என்றேன்.

குழுவுக்கு நான் சொல்வது இதுதான். ஆரம்பித்தது யார் என்று உங்கள் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவள் வருவதாக நீங்கள் சொல்கிற வழியை வைத்தவன் நான். அந்தப் பாதித் துடிப்பு நுழைகிற அளவுக்கு இடம் விட்டவன் நான். மேளத்துக்கு ஒயர் இழுத்ததும், அதை நிறுத்திக் காட்டியதும் நான். ‘தானே’ என்ற சொல்லைக் கல்லிலிருந்து எடுங்கள். அவள் பேருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், மணி மிஷின் செய்தவர் என்று என் பேரை வெட்டுங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். நேற்றே நூல் பிடித்து அளந்து பார்த்துவிட்டேன், இருக்கிறது.